காவிகளைக் கூட்ட எந்த வழி? அளவுப்படம், முக்கோணி, கூறுகள்: ஓர் ஒப்பீடு

உயர்தரப் பெறுபேறு வந்து, கிளிநொச்சிக்கோ ஒலுவிலுக்கோ பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ பொறியியல் படிக்கப் போகக் காத்திருக்கும் திருகோணமலைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காவிகளை, அதாவது பருமனும் திசையும் சேர்ந்த கணியங்களை, கூட்டப் பாடசாலையில் மூன்று வழி காட்டினார்கள், ரியூசனில் ஒன்றை மட்டும் அழுத்திப் பழக்கினார்கள், முதலாண்டில் எதைப் பிடித்துக்கொள்வது?

சின்னக் கேள்விதான், ஆனால் தள்ளிவிடக் கூடாத கேள்வி. நிலையியல், இயக்கவியல், மின்புலம், காந்தப்புலம், பாய்பொருள் எல்லாமே காவியின் மேல் நிற்கும் பாடங்கள். முதல் சில கிழமைகளில் கை எந்த வழிக்குப் பழகுகிறதோ, அதையே பிறகும் கை தேடும்.

உயர்தரப் பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் பரீட்சை மண்டபத்துக்குள் கணிகருவி கொண்டுபோக முடியாது. அதனால் வினாக்களில் கோணம் பெரும்பாலும் 30, 45, 60 பாகையாகவும் பக்கங்கள் 3, 4, 5 ஆகவும் வந்து விழும். அப்படிப்பட்ட எண்களுக்கு இணைகர விதிச் சூத்திரம் மிகச் சுருக்கமாக வேலை செய்யும். பல்கலைக்கழகத்தில் 37.4 பாகை வரும், ஒரு புள்ளியில் ஐந்து விசை வரும், மூன்றாவது அச்சும் வரும். வழியைத் திரும்பத் தெரிவுசெய்ய வேண்டிய தேவை இங்கேதான் பிறக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது?

முதலாவது, எத்தனை காவிகள். இரண்டுக்கு இலகுவாக இருக்கும் வழி நாலுக்கு நரகமாகலாம். இரண்டாவது, எவ்வளவு செம்மை தேவை. மூன்றாவது, எல்லாம் ஒரே தளத்திலா, முப்பரிமாணத்திலா. நான்காவது, நேரம். ஐந்தாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: பிழை விட்டால் அது கண்ணில் படுமா, ஒளிந்திருக்குமா? பிழையே வராத வழி ஒன்றும் கிடையாது. வந்த பிழையை நீங்களே பிடித்துக்கொள்ள விடுகிற வழிதான் பெறுமதியானது.

மூன்று வழிக்கும் ஒரே கணக்கை எடுப்போம். வாடைக்காலத்தில் உப்புவெளிக் கரையில் ஒரு வள்ளத்தை மணலில் மேலே இழுக்கிறார்கள். கரை மேற்குப் பக்கம். முதற் கயிற்றில் 600 நியூற்றன், நேர் மேற்கிலிருந்து வடக்கே 20 பாகை சாய்ந்து. இரண்டாம் கயிற்றில் 450 நியூற்றன், மேற்கிலிருந்து தெற்கே 35 பாகை சாய்ந்து. வள்ளம் உணரும் விளையுள் விசை, அதாவது இரண்டும் சேர்ந்து தரும் ஒரே விசை, எவ்வளவு, எந்தத் திசையில்?

| | அளவுப்படம் | முக்கோணி, இணைகரம் | கூறுகள் |
|---|---|---|---|
| வசதியான எண்ணிக்கை | 2 முதல் 4 வரை | 2, சமநிலை என்றால் 3 | எத்தனையும் |
| செம்மை | ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதப் பிழை | கணிகருவி தரும் அளவு | கணிகருவி தரும் அளவு |
| முப்பரிமாணம் | நடைமுறையில் இல்லை | மிகக் கடினம் | இயல்பாக வரும் |
| பிழை தெரியுமா | உடனே தெரியும் | பெரும்பாலும் தெரியாது | படம் கீறினால் தெரியும் |
| பெரிய பொறி | பாகைமானி | கோணத்தின் குறி, விரிகோணம் | சைன், கோசைன் மாறுதல், கால்வட்டம் |

## அளவுப்படம்

1 சென்ரிமீற்றருக்கு 50 நியூற்றன் என்று அளவு எடுங்கள். முதற் கயிறு 12 சென்ரிமீற்றர், இரண்டாவது 9 சென்ரிமீற்றர். முதலாவதின் தலையிலிருந்து இரண்டாவதின் வாலைத் தொடங்கி, ஆரம்பப் புள்ளியையும் கடைசித் தலையையும் சேர்த்தால் 18.7 சென்ரிமீற்றர் நீளக் கோடு வரும். அதாவது ஏறத்தாழ 935 நியூற்றன். தாளைப் படுக்கையாக வைத்தால் ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். சோம்பலில் 100 நியூற்றனுக்கு 1 சென்ரிமீற்றர் என்று எடுத்தால் படம் பாதியாகச் சுருங்கும், அளவிடும் பிழை நியூற்றனில் இரட்டிக்கும். தாளை நிரப்பும் அளவைத் தெரிவதுதான் இந்த வழியின் முதல் விதி.

அடிமட்டத்தில் அரை மில்லிமீற்றர் பிசகினால் 2.5 நியூற்றன்தான் போகும். உண்மையான கள்ளன் பாகைமானி. 12 சென்ரிமீற்றர்க் கோட்டை 1 பாகை பிசகிக் கீறினால் அதன் நுனி 2 மில்லிமீற்றர் விலகும், அது 10 நியூற்றனுக்குச் சமம். எங்கள் கணக்கில் விளையுள் மேற்கிலிருந்து 3 பாகை சொச்சம்தான் விலகுகிறது. அந்தச் சிறு கோணத்தைப் பாகைமானியால் நம்பி அளக்க முடியாது: ஒருவருக்கு இரண்டரை வரும், பக்கத்தில் இருப்பவருக்கு நாலு வரும். பருமன் தேறும், திசை தேறாது.

மறைந்திருக்கும் செலவு நேரம். கூரான பென்சில், மூலைமட்டம், நிதானம் எல்லாம் கூடினால்தான் படம் சரிவரும். பரீட்சையில் அளந்து எடுத்த விடைக்கு, கணக்கிடச் சொன்ன இடத்தில் புள்ளி கிடைக்காது.

ஆனாலும் இதைச் சிறுபிள்ளை வேலை என்று ஒதுக்க வேண்டாம். கடல்வரைபடத்தில் நீரோட்டத்துக்கு ஈடுகொடுத்துச் செல்திசை எடுப்பவர்கள் இணைகோல்களையும் பிரிகருவியையும் வைத்துக் கீறுவது இதே காவி முக்கோணியைத்தான். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் விசை இணைகரப் பரிசோதனைக்கும் இதுவே பொருத்தம்: கப்பியில் ஓடும் நூலின் பாதையைத் தாளில் குறித்து எடுத்த அளவீட்டிலேயே ஒரு பாகைப் பிழை இருக்கும்போது நாலு தசமதானத்துக்குக் கணிப்பதில் பொருளில்லை.

## முக்கோணியும் இணைகரமும்

இரு கயிறுகளுக்கும் இடைக்கோணம் 20 + 35 = 55 பாகை. இணைகர விதிப்படி விளையுளின் வர்க்கம்:

600² + 450² + 2 × 600 × 450 × கோசைன் 55° = 872,231

வர்க்கமூலம் 933.9 நியூற்றன். திசைக்குச் சைன் விதி: முதற் கயிற்றிலிருந்து விளையுள் விலகும் கோணத்தின் சைன் = 450 × சைன் 125° ÷ 933.9 = 0.3947, கோணம் 23.25 பாகை. முதற் கயிறு மேற்கிலிருந்து வடக்கே 20 பாகையில் இருப்பதால், விளையுள் மேற்கிலிருந்து தெற்கே 3.25 பாகை. நாலு வரியில் வேலை முடிந்தது.

இந்தச் சுருக்கம்தான் பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறது. இதற்குள் இரண்டு பொறிகள் இருக்கின்றன, இரண்டும் சத்தமில்லாதவை.

ஒன்று, குறி. காவிகளின் வால்கள் சந்திக்கும் இடத்துக் கோணத்தை எடுத்தால் கூட்டல் குறி. முக்கோணியின் உட்கோணத்தை எடுத்தால் கழித்தல் குறி. கணிதப் பாடத்தில் கோசைன் விதியைக் கழித்தலோடு மனப்பாடம் செய்தவர் இங்கே 55 பாகையைப் போட்டுக் கழித்தால் 503 நியூற்றன் வரும். அது 600 − 450 = 150க்கும் 600 + 450 = 1050க்கும் இடையில் இருப்பதால், வழக்கமான எல்லைச் சோதனையிலும் தப்பிவிடும். பிடிக்க வேறு வழி வேண்டும்: இடைக்கோணம் கூர்ங்கோணமானால் விளையுள் இரண்டில் பெரியதையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும். 503, 600ஐவிடச் சிறியது. அதனால் பிழை.

மற்றது விரிகோணம். 3 நியூற்றனும் 8 நியூற்றனும் 150 பாகை இடைக்கோணத்தில் ஒரு புள்ளியில் தாக்குகின்றன. விளையுள் 5.61 நியூற்றன். 3 நியூற்றன் விசையுடன் அது ஆக்கும் கோணத்துக்குச் சைன் விதி 0.7135 தரும், கணிகருவி 45.5 பாகை என்று காட்டும். சரியான விடை 134.5 பாகை. இரண்டு கோணத்துக்கும் சைன் ஒன்றுதான், கணிகருவி எப்போதும் கூர்ங்கோணத்தையே தரும். படம் கீறியிருந்தால் 8 நியூற்றன் பின்னோக்கி இழுப்பது தெரிந்திருக்கும். கீறாதவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது.

மூன்றாவது கயிறு ஒன்று சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். முதல் இரண்டின் விளையுளையும் கோணத்தையும் எடுத்து, அதை மூன்றாவதோடு திரும்பவும் கோசைன் விதியில் போட வேண்டும். முதற் சுற்றில் கிட்டிய எண்ணாக்கிய பிழை இரண்டாம் சுற்றுக்குள் நுழையும்.

இந்த வழி மற்ற இரண்டையும் வெல்லும் இடம் ஒன்று உண்டு: ஒரே தளத்தில் ஒரு புள்ளியில் சந்திக்கும் மூன்று விசைகளின் சமநிலை. தெருவுக்குக் குறுக்கே இரு கம்பிகளில் 12 கிலோகிராம் விளக்கு ஒன்று தொங்குகிறது என்று வையுங்கள். ஒரு கம்பி கிடையுடன் 30 பாகை, மற்றது 45 பாகை. நிறை 12 × 9.81 = 117.7 நியூற்றன். கூறுகளில் போனால், அதாவது ஒவ்வொரு விசையையும் இரு அச்சுகளின் வழியே பிரித்தால், இரண்டு தெரியாக் கணியங்களுடன் இரண்டு சமன்பாடு. இலாமியின் தேற்றத்தில் (சமநிலையில் ஒவ்வொரு விசையும் மற்ற இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் சைனுக்கு விகிதசமம்) ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு வரி:

30 பாகைக் கம்பி: 117.7 × சைன் 135° ÷ சைன் 105° = 86.2 நியூற்றன்

45 பாகைக் கம்பி: 117.7 × சைன் 120° ÷ சைன் 105° = 105.5 நியூற்றன்

சரிபார்க்க இரண்டின் கிடைக் கூறையும் எடுங்கள், இரண்டும் 74.6 வரும். கம்பிகளை இழுத்துக் கட்டி இருபக்கமும் கிடையுடன் 5 பாகையாக்கினால் ஒவ்வொரு கம்பியிலும் இழுவை 675 நியூற்றன், விளக்கின் நிறையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். தொங்கலாக விட்டுக் கட்டுவதன் காரணம் இதுதான். கோணம் குறையக் குறைய இழுவை எப்படி ஏறும் என்பதை இலாமியின் தேற்றம் ஒரே பின்னத்தில் காட்டிவிடும்.

சார்பு வேகக் கணக்கிலும் முக்கோணி நல்ல துணை. கொட்டியாரக் குடாவில் மூதூரை நோக்கி நேராகப் போக வேண்டிய படகின் வேகம் நீரில் 8 நொட், நீரோட்டம் 2 நொட், போக வேண்டிய திசைக்கு 60 பாகையில் சாய்ந்து தள்ளுகிறது என்று கொள்வோம். படகின் முகப்பை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டிய கோணத்தின் சைன் = 2 × சைன் 60° ÷ 8. விடை 12.5 பாகை, நிலத்துக்குச் சார்பாக வேகம் 8.8 நொட். போகும் திசையிலேயே ஓர் அச்சை வைத்தால் கூறு வழியிலும் இதே வரிதான் வரும். அதனால் இங்கே இரண்டும் சமம், கைக்கு வருவதைச் செய்யலாம்.

## கூறுகள்

மேற்கையும் வடக்கையும் நேர்க்குறியாக எடுத்து வள்ளத்துக்கு ஒரு சின்ன அட்டவணை போடுங்கள்.

| கயிறு | மேற்குக் கூறு | வடக்குக் கூறு |
|---|---|---|
| 600, வடக்கே 20° | 563.8 | +205.2 |
| 450, தெற்கே 35° | 368.6 | −258.1 |
| கூட்டுத்தொகை | 932.4 | −52.9 |

பைதகரசின்படி 933.9 நியூற்றன், கோணத்தின் தான் (tan) = 52.9 ÷ 932.4, தெற்கே 3.25 பாகை. இதுவரை இணைகரத்தைவிட ஒரு வரி கூட என்றுதான் தோன்றும். இப்போது மூன்றாமவர் ஒரு கயிற்றைப் பிடித்து, மேற்கிலிருந்து வடக்கே 10 பாகையில் 300 நியூற்றனால் இழுக்கட்டும். அட்டவணையில் ஒரு வரி ஏறும்: 295.4, +52.1. கூட்டுத்தொகை 1227.8, −0.8. வள்ளம் கிட்டத்தட்ட நேர் மேற்கே ஏறுகிறது. பழைய வேலை ஒன்றையும் அழிக்கவில்லை. நாலாவது ஆள் வந்தாலும் இன்னொரு வரிதான்.

எங்கள் தெளிவான தெரிவு இதுதான். முதலாண்டுக்குள் நுழைபவர் கூறுகளைத் தன் இயல்பான வழியாக்கிக்கொள்ள வேண்டும். முப்பரிமாணத்துக்குப் போனதும் வேறு வழியே இல்லை. 12 மீற்றர் உயரக் கம்பத்தின் உச்சியிலிருந்து, அடியிலிருந்து கிழக்கே 4 மீற்றரும் வடக்கே 3 மீற்றரும் தள்ளிய நிலத்து முளைக்கு ஓர் இழுகம்பி கட்டியிருக்கிறது, இழுவை 2600 நியூற்றன். கம்பியின் திசைக் காவி 4, 3, −12. நீளம் 13. ஒவ்வொன்றையும் 13ஆல் பிரித்து 2600ஆல் பெருக்கினால் விசை 800ஐ + 600ஜே − 2400கே. இங்கே ஐ, ஜே, கே முறையே கிழக்கு, வடக்கு, மேல் திசைகளின் அலகுக் காவிகள். கோணம் ஒன்றுகூட அளக்கவில்லை. கம்பத்தின் அடியைப் பற்றிய திருப்பம் வேண்டுமா? 12கேயையும் இந்த விசையையும் காவிப் பெருக்கம் செய்தால் −7200ஐ + 9600ஜே, பருமன் 12,000 நியூற்றன் மீற்றர். கிடை விசை 1000, உயரம் 12, அதே விடை. இதை முக்கோணிகளால் செய்ய முயன்றால் ஒரு தாள் போதாது. (ஐ, ஜே, கே என்ற எழுத்துகள் 1843இல் ஹமில்ரன் கண்ட நான்கு உறுப்பு எண்களிலிருந்து வந்தவை. இன்று நாம் எழுதும் வடிவுக்கு அவற்றைக் கொண்டுவந்தவர்கள் கிப்ஸும் ஹெவிசைடும்.)

இதிலும் மறைந்த செலவு உண்டு. எண்கள் அட்டவணைக்குள் போனதும் படம் மனதிலிருந்து மறைந்துவிடும். அதோடு வரும் பிழைகள் இவை:

சைனும் கோசைனும் இடம் மாறுதல். "கிடைக்குக் கோசைன், நிலைக்குத்துக்குச் சைன்" என்று மனப்பாடம் செய்தவர் சாய்தளத்தில் விழுவார். அங்கே தளத்தின் வழியே வரும் நிறைக் கூறுக்குத்தான் சைன். கோணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அச்சுக்குக் கோசைன், மற்ற அச்சுக்குச் சைன்: இந்த விதி எங்கும் பொய்க்காது. வடக்கிலிருந்து அளக்கும் திசைகோள் கணக்குகளில் இது இரட்டிப்பு முக்கியம்.

கால்வட்டம். கூறுகள் −5, 8 என்றால் தான் நேர்மாறு −58 பாகை காட்டும். உண்மையான திசை 122 பாகை. கிடைக் கூறு மறையாக இருந்தால் 180 கூட்ட வேண்டும். கசியோ கணிகருவியின் 'போல்' (Pol) செயலியில் இரு கூறுகளையும் கொடுத்தால் பருமனும் சரியான கோணமும் சேர்ந்தே வரும். 'றெக்' (Rec) அதன் மறுதலை. எந்த மாதிரிக் கணிகருவிக்குப் பரீட்சையில் அனுமதி என்பதைப் பீடத்தில் கேட்டறிந்த பிறகு வாங்குங்கள்.

பாகையும் றேடியனும். தொடங்குமுன் சைன் 30ஐ அழுத்துங்கள். 0.5 வராமல் −0.988 வந்தால் கருவி றேடியனில் நிற்கிறது. அலைகள் பாடத்துக்காக மாற்றி, திருப்பி வைக்க மறந்திருப்பீர்கள்.

குறியை இரண்டு முறை போடுதல். "தெற்கே −258.1" என்று எழுதினால் அது வடக்காகிவிடும். தலைப்பில் திசை, கட்டத்தில் குறி. வசனத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

முன்கூட்டியே கிட்டிய எண்ணாக்குதல். அட்டவணையில் ஒரு தசமதானம் எழுதலாம், கணிகருவியின் நினைவகத்தில் முழு எண்ணையும் வைத்திருங்கள். இரண்டு பெரிய கூறுகள் ஒன்றையொன்று வெட்டி 0.8 மிஞ்சும் இடத்தில், அந்த மிச்சத்தைக் கிட்டிய எண்ணாக்கும் பிழையே விழுங்கிவிடும்.

## எந்தக் கணக்குக்கு எது?

ஒரே தளத்தில் இரண்டு காவி, இடைக்கோணம் தரப்பட்டிருக்கிறது, பருமன் மட்டும் கேட்கிறார்கள் என்றால் இணைகர விதி. மூன்று விசைச் சமநிலைக்கு இலாமி. ஆய்வுகூட அளவீட்டுக்கு அளவுப்படம். தொடர்ந்து திருப்பம், வேலை, பாயம் என்று ஏதாவது கேட்கும் கணக்கு, நாலாவது விசை உள்ள கணக்கு, மூன்றாம் அச்சு உள்ள கணக்கு எல்லாவற்றுக்கும் கூறுகள். எது என்று முடிவெடுக்கத் தடுமாறினால் கூறுகளிலேயே தொடங்குங்கள். இணைகரம் சுருக்கமாக இருந்திருக்கும் கணக்கில் அதனால் ஒரு நிமிடம்தான் கூடப் போகும், மறுபக்கமாகப் பிசகினால் முழுக் கணக்கும் போகும்.

எந்த வழியானாலும் விடைத்தாளின் ஓரத்தில் அளவில்லாத ஒரு கைப்படம் கீறுங்கள். அரை நிமிட வேலை. காவிகளைத் தலை வாலாகச் சேர்த்து, விளையுள் எந்தக் கால்வட்டத்தில் விழும், மிகப் பெரிய காவியைவிட நீளமா குட்டையா என்று மட்டும் பார்த்து எழுதிவையுங்கள். கணித்த விடை அதோடு முரண்பட்டால், முதலில் கணிகருவியின் பாகை நிலை, அடுத்து ஒவ்வொரு கூறின் குறி, பிறகு சைன் கோசைன் என்ற ஒழுங்கில் தேடுங்கள். பயிற்சிக்கு, மேலே உள்ள வள்ளத்தின் முதற் கயிற்றை 20 பாகையிலிருந்து 26 பாகைக்கு நகர்த்தி, மூன்றாம் கயிறு இல்லாமல் மூன்று வழியிலும் செய்து பாருங்கள்: விளையுள் 908 நியூற்றனுக்குச் சற்றுக் குறையவும், மேற்கிலிருந்து விலகல் கால் பாகைக்குச் சற்றுக் கூடவும் வர வேண்டும்.